வாவிக்காரன் போட்ட பின்னூட்டம்

ஓட்டமாவடியின் பழைய கதைகளை வாரம் தவறாமல் வலைப்பூவில் எழுதி, பேஸ்புக்கிலும் பகிர்வான் பஹ்மி. வாசிக்கத்தான் ஆளில்லை. 'வாவிக்காரன்' என்ற பெயரில் ஒருவன் மட்டும் வருவான், பிழை பிடிக்க.

அந்தக் காலத்திலேயே ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் தனித்தனிப் பாலம் இருந்ததாக அன்று பஹ்மி எழுதியிருந்தான். உடனே வந்தது பின்னூட்டம்: "இரண்டும் ஒரே பாலத்தில்தான் போயின. தெரியாவிட்டால் எழுதாதே."

மனைவி ஸில்மியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"முதல்ல இவன பிளொக் பண்ணுங்க. எழுதுற ஆசையே போயிரும்."

"அவர் வாறதாலதான் புள்ள நான் எழுதுறன்."

"அப்ப சரியா எழுதுங்களன். ரயில் கோச்சி போகுமட்டும் பாலத்தடியில பஸ்ஸுக்குள்ள காத்திருந்த கதைய எனக்கு எத்தின தரம் சொல்லியிருக்கிறீங்க!"

"அந்த பஸ்ஸில என்ன மடியில வெச்சிருந்தவர்தான் இவர்."

"ஆரு, உங்கட காக்காவா?"

"ஓம். கூடப்பொறந்திருந்தும் வளவுக் காணிச் சண்டையோட பேச்ச விட்டவர். சரியா எழுதினா ஒண்டுமே சொல்லமாட்டார்."

ஸில்மியா கதிரையை இழுத்துப் போட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அடுத்த கிழமை உம்மாட பேரப் பிழையா எழுதுங்க. நேரிலயே வருவார்."