வீரமலை வாங்கிய பரிசு

மணப்பாறை பக்கத்துக் கிராமத்தில் கன்று வளர்ப்பு முகாம். முடியும் நேரத்தில் டாக்டர் லின்சி மைக்கில் ஒரு கேள்வி கேட்டார். சரியாகச் சொல்பவருக்கு ஒரு பை தாது உப்பு பரிசு.

"கிடேரிக் கன்னு முதல் தடவை பருவத்துக்கு வந்துருச்சு. உடனே சினை ஊசி போடலாமா?"

வீரமலை துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"கூடவே கூடாதுங்க! பருவத்துக்கு வந்துட்டா போதுமா? உடம்பு வளர வேணாமா? அவசரப்பட்டா தாயும் தேறாது, கன்னும் தேறாது."

டாக்டர் விடவில்லை. "சும்மா வச்சுத் தீனி போட முடியலைன்னு சில பேர் சொல்றாங்களே?"

"வளக்குறவன் அப்படிக் கணக்குப் பாக்கலாமாங்க?"

"பக்கத்து வீட்டுல போட்டுட்டாங்கன்னா?"

"அவங்க போட்டா நாமளும் போடணுமா? பாவம், வாயில்லா ஜீவன். நாமதான் பொறுமையா இருக்கணும்."

பந்தலே கைதட்டியது. அவர் மனைவி சிலம்பாயிதான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினாள்.

வீடு திரும்பும்போது வீரமலைக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, டாக்டரே அசந்துட்டாங்க!"

பைக்கின் பின்னால் பரிசுப் பையை மடியில் வைத்திருந்த சிலம்பாயி சொன்னாள்:

"நானும்தாங்க அசந்துட்டேன். அப்படியே மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு போனைப் போட்டு, நாளைக்குப் பொண்ணு பாக்க வர வேணாம்னு சொல்லிருங்க."

வீரமலை பிரேக்கை அழுத்தினார். "ஏன்?"

"நம்ம பொண்ணு பத்தாவதுதானே படிக்குது? நாமதான் பொறுமையா இருக்கணும்."