லேப்டாப்பின் வாக்குமூலம்

"ஒரு சொட்டுத் தண்ணி படல சார். கீபோர்டு தானாவே செத்துப்போச்சு. வாரன்டி இருக்கு, மாத்திக் குடுங்க," என்றாள் செவ்வந்தி. பக்கத்தில் அவள் கணவன் இளங்கோ நின்றிருந்தான்.

புதிய நுகர்வோர் சட்டப்படி கடைக்காரர் லேப்டாப்பிடமே வாக்குமூலம் கேட்டார்.

"உள்ளே ஈரம் இறங்கியிருக்கிறது," என்றது அது. "குடிதண்ணீர் அல்ல. கண்ணீர்."

கடைக்காரர் சங்கடமாகச் செருமினார். "ஈரம் பட்டா வாரன்டி கிடையாதும்மா. ஆனா காரணம் நியாயமா இருந்தா சட்டத்துல சலுகை உண்டு. அதையும் இந்த லேப்டாப்பையே சொல்லச் சொல்லட்டுமா?"

செவ்வந்தியின் முகம் வெளுத்தது. அவளுக்கு வேலை போய் இரண்டு மாதமாகிறது. தினமும் கதவைச் சாத்திக்கொண்டு ஆபீஸ் மீட்டிங் என்று நடித்தது லேப்டாப்புக்கு மட்டுமே தெரியும். வேறு வேலை தேடவும் அது வேண்டும்.

"சொல்லட்டும் சார்," என்றாள் தலைகுனிந்து.

"இவருக்கு இரண்டு மாதமாக..." என்று லேப்டாப் தொடங்கியதும் இளங்கோ அதன் மூடியைச் சாத்தினான்.

"உங்க சலுகையே வேணாம் சார். என் பொண்டாட்டி ஏன் அழுதான்னு இது சொல்லியா நான் தெரிஞ்சுக்கணும்?" லேப்டாப்பைக் கையில் எடுத்துக்கொண்டு அவள் பக்கம் திரும்பினான். "வா, வெளிய போய் நீயே சொல்லு. பக்கத்து ரூம்லயே இருந்தும் எனக்குக் கேக்கல பாரு."