மவுத் ஓர்கனும் ஒரு செம்புத் தண்ணீரும்

திருகோணமலைத் துறைமுகத்தில் வேலை முடிந்து வந்ததும், துவாரகன் கைபேசியில் முன்பின் அறியாத, அமெரிக்காவின் புளூஸ் இசை வாசிக்கும் மவுத் ஓர்கன் கலைஞர்களைத் தேடிக் கேட்பான். ஒட்டிய வீட்டு யோகலிங்கம் உடனே சுவரில் குத்துவார்.

"நிப்பாட்டடா! உது பாட்டே, நாய் ஊளையிடுறதே?"

ஒருநாள் கைபேசியின் பாட்டுச் செயலி தானாகவே பெயரில்லாத ஒருவரின் இசையைப் போட்டது. ஊதலின் நடுவே யோகலிங்கத்தின் குரல் கெஞ்சியது.

"தம்பி, தண்ணி தாவன்."

துவாரகன் செம்போடு ஓடினான். யோகலிங்கம் நல்ல சுகமாகக் கதவைத் திறந்தார்.

"ஆரடா உன்னட்டத் தண்ணி கேட்டது? கொண்டு போ!"

கதவை அறைந்து மூடினார். கேட்டவருக்கென்று எடுத்த தண்ணீரைத் திருப்பிக் கொண்டுபோகும் வழக்கம் துவாரகன் வீட்டில் இல்லை. செம்பை அவருடைய வாசற்படியிலேயே வைத்துவிட்டு வந்தான்.

அதே இசையை மறுபடி போட்டான். முன்பு கெஞ்சல் கேட்ட இடத்தில், இப்போது யாரோ மடமடவென்று குடிக்கும் ஓசை கேட்டது.

சுவரில் குத்து விழுந்தது. "இன்னும் நிப்பாட்டேல்லையோ?"

துவாரகன் வெளியே எட்டிப் பார்த்தான். யோகலிங்கத்தின் கதவு மூடியபடியே இருந்தது; வாசற்படியில் வைத்த செம்பில் ஒரு சொட்டும் இல்லை.