உள்வீட்டு விண்டோஸ்

"என்னங்க, அருவியில தண்ணி நல்லா விழுதாம். ஊரே குத்தாலத்துக்குப் போவுது. நாமளும் போவோமா?" என்று கேட்டாள் முத்துவடிவு.

பால்வண்ணநாதன் கம்ப்யூட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "மிஷின் லினக்ஸுக்குத் தெரியுது, உள்ள இருக்க விண்டோஸுக்குத் தெரியலயே!" என்று புலம்பினார்.

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மகன் போட்டுக்கொடுத்த விண்டோஸை அழித்துவிட்டு, லினக்ஸ்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவர் இவர். இப்போது கேபிளில் மாட்டியிருக்கும் மிஷினுக்கான சாஃப்ட்வேர் விண்டோஸில் மட்டும்தான் ஓடுமாம். அதனால் லினக்ஸுக்குள்ளேயே ஒரு விண்டோஸைக் குடிவைத்து, காலையிலிருந்து மல்லுக்கட்டுகிறார்.

"ஒரே வீட்டுக்குள்ள தனிக்குடித்தனம் வச்சா இப்படித்தான்! கடையில குடுத்தா சரிபண்ணித் தர மாட்டானா?"

"யுஎஸ்பி கேபிளை லினக்ஸ் விட்டாத்தான விண்டோஸ் பிடிக்கும்?"

"நான் என்ன கேக்கேன், நீங்க என்ன சொல்லுதிய! செவுத்தப் பாத்துப் பேசுத மாதிரில்லா இருக்கு!"

திரையில் பச்சைப் புள்ளி எரிந்தது. "வந்துட்டு!" என்று துள்ளியவர், எதையோ கூட்டிக் குறைத்துவிட்டு, கேபிளைக் கழற்றி மிஷினைக் காதில் மாட்டிக்கொண்டார்.

"இப்பதான் சத்தம் சரியா இருக்கு. சொல்லு வடிவு, காலையிலேருந்து உன் வாய் அசைஞ்சுக்கிட்டே இருந்துச்சே, என்ன விஷயம்?"

கேட்காது என்று தெரிந்தே கத்திக் கத்தி அவளுக்குத் தொண்டை கட்டியிருந்தது. "குத்தாலம் போவோமான்னு கேட்டேன்."

"அதுக்கென்ன, இப்பவே போவோம்!" என்றவர், மிஷினைக் கழற்றிப் பத்திரமாக டப்பாவுக்குள் வைத்து மூடினார்.

"அருவியில இது நனையப்படாதுல்லா!"