எல்லாருக்கும் ரெண்டாவது

“வரிசையெல்லாம் வேண்டாம். தனிப்பாட்டை யார் பாடணும்னு ஆளுக்கு ஒரே ஒரு பேர் எழுதுங்க, போதும்” என்றாள் கணக்கு டீச்சர்.

பாட்டுக்குழுவின் நடுவே உட்கார்ந்திருந்த அவள் தங்கைக்கு, கனவில் யாரோ பேசுவது போல இருந்தது. நேற்றுவரை வீட்டில் அக்கா சொன்ன கதையே வேறு.

“ஆளுக்கு ஒரு ஓட்டுங்கிறது ஓட்டைப் பானைடி. பாதிப் பேர் நர்ஸ் பக்கம், பாதிப் பேர் பேக்கரிக்காரர் பக்கம். ஆனா ரெண்டு கட்சிக்கும் அடுத்தபடியா பிடிச்சது உன் குரல்தான். நாலு பேரையும் வரிசைப்படுத்தி மார்க் போட்டா நீதான் வருவ. அதுதான் சரியான கணக்கு.”

அதை நம்பி, விழா மேடையின் தனிப்பாட்டைத் தங்கை தூக்கத்தில்கூடப் பாடிக்கொண்டிருந்தாள்.

பாட்டு வாத்தியார் விழித்தார். “வரிசை முறையைச் சொன்னதே நீங்கதானே டீச்சர்?”

“சொன்னேன். ரொம்பச் சுத்தி வளைக்குது. சுலபமா முடிச்சிடுவோம்.”

வழக்கம்போல டெய்லர்தான் சீட்டுகளைப் பிரித்துப் படித்தார். போட்டியில் நாலாவது ஆள் அவர். தொண்டை ஆபரேஷனுக்கு அப்புறம் அவர் குரலில் பாதி காற்றாகத்தான் வரும். அதைச் சொல்ல யாருக்கும் மனசு வரவில்லை.

நர்ஸ்... பேக்கரிக்காரர்... நர்ஸ்... தங்கையின் பேர் எப்போதாவது, தூரத்து மணி போல.

“அட, எனக்கும் ஒண்ணு!” என்றார் டெய்லர். “வேற யாரு, நானே போட்டுக்கிட்டதுதான்!”

கூடமே சிரித்தது. அவரும் சிரித்தார்.

நர்ஸ் ஜெயித்தாள்.

மழை விட்ட தெருவில் விளக்குகள் தலைகீழாக மிதந்தன. அவற்றை மிதித்துக்கொண்டே வந்த தங்கை, பாலத்தருகே கேட்டாள்.

“கூடப் பிறந்தவ மேடையேறினா உனக்கு அவ்வளவு வயித்தெரிச்சலாக்கா?”

அக்கா நடையை எட்டிப் போட்டாள்.

“இல்ல, உன் கணக்குதான் தப்பா?”

“கணக்கு சரிதான். நீ ஜெயிச்சிருப்ப.”

“அப்புறம் ஏன்?”

அக்கா நின்றாள்.

“வரிசைன்னா, எல்லாச் சீட்டுலயும் கடைசியா ஒரு பேர் எழுதணும். நீ யாரை எழுதியிருப்ப?”

தங்கை தலைகுனிந்தாள்.

“நானும் அவரைத்தான் எழுதியிருப்பேன். எல்லாருமே. அதை ஒவ்வொண்ணா, அந்தத் தொண்டையால, அவரே படிக்கணுமேடி.”