திறந்து மூடும் கதவு

பகல் காட்சி முடிந்து வெளியே வருகிறவர்களின் கண்கள் வெயிலில் கூசுகின்றன. தியேட்டர் வாசலில் தூணோரமாக நின்று, பத்திரிகைக்கு விமர்சனம் எழுதும் கணவர் மனைவிக்கு விளக்கிக்கொண்டிருக்கிறார். படத்தில் ஒரு கிழவர் தினமும் சாயங்காலம் கதவைத் திறக்கிறார், யாரும் வருவதில்லை, மூடுகிறார். படமே அவ்வளவுதான். “அது கதவே இல்ல. காலம். அந்த ஆளே ஒரு குறியீடுதான்.” அவள் கைப்பையின் ஜிப்பைத் திறந்து திறந்து மூடுகிறாள். “நீங்க எழுதினாத்தான் புரியும்னா நாங்க எதுக்குப் பார்க்கணும்? அவர் யாருக்கோ காத்திருக்கார், அவ்வளவுதான்.” “யாருக்குன்னு படத்துல எங்கயாவது வருதா? சும்மா தோணுதுன்னு சொன்னா ஆச்சா?” பதில் சொல்ல வாயெடுத்தவள், டீ வாங்கப் போன அப்பா கூட்டத்தில் இடிபட்டபடி வருவதைப் பார்க்கிறாள். சர்க்கரை நோயிருந்த அம்மா இறந்த பிறகு அவர் வெளியே கிளம்பியதே இன்றுதான். அவள்தான் வற்புறுத்தி அழைத்து வந்தாள். அட்டைத் தட்டில் ஆவி பறக்கிறது. அவருடைய மூக்குக்கண்ணாடி மங்கியிருக்கிறது. மாப்பிள்ளைக்கு ஒன்று கொடுக்கிறார், மகளுக்கு ஒன்று, தனக்கு ஒன்று எடுத்துக்கொள்கிறார். தட்டில் இன்னொரு கப் இருக்கிறது. “இது யாருக்கு மாமா?” என்கிறார் மாப்பிள்ளை. அப்பா அதையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். “இது சர்க்கரை போடாதது,” என்கிறார்.