துண்டுக்கு அடியில் ஒரு பிரா

சிரிப்பு வரும், கொஞ்சம் பொறுங்கள். முதலில் பிராவின் பயத்தைக் கேளுங்கள்.

போட்டுப் பார்க்க இடமில்லாத கடையில் குத்துமதிப்பாக வாங்கிய புது பிராவை, பிரமிளா அலசிக் கொடியில் துண்டுக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருந்தாள். இருட்டுக்குள் இருந்த பிராவுக்கு அவள் குரல் கேட்டது.

"யப்பா, என்னமா இறுக்குது! தூக்கிப் போட வேண்டியதுதான்."

பிரா நடுங்கிப்போய்ப் பட்டையை இழுத்து இழுத்துத் தளர்த்தியது. "இப்ப பாருங்கக்கா!"

"ஐயே, தொளதொளன்னு தொங்குது! கரித்துணிக்குத்தான் லாயக்கு."

"கரித்துணி வேணாம்க்கா!" அழாத குறையாகத் தன்னைச் சுருக்கிக்கொண்டது பிரா.

"தோள்ல வேற வெட்டுது!"

காற்று துண்டைத் தூக்கியது. பிரமிளாவைக் காணோம். கொடியில் ஒரு மைனா, அடுத்த குறை சொல்ல அவள் குரலிலேயே தொண்டையைக் கனைத்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் பிராவுக்கு உறைத்தது.

"அடிப்பாவி! அக்கா என்னை இன்னும் போட்டே பார்க்கலையேடி!"